டாக்டர் சொன்னதை முதல் விலை என்று நினைத்தேன்

இது வாயால் சொல்லவேண்டிய கதை. சொல்ல முடிந்திருந்தால் இந்நேரம் பாதியை முடித்து, நடுவில் உங்களை இரண்டு தடவை சிரிக்கவும் வைத்திருப்பேன். முப்பது வருஷமாக மாட்டுத் தரகு பார்த்தவன் நான். இலுப்பூரைச் சுற்றி எந்தச் சந்தையில் விசாரித்தாலும் என் முகத்துக்கு முன்னால் என் குரலைத்தான் அடையாளம் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. சந்தை நோட்டீசையும் பஸ் பலகையையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். பிழை கண்ணில் பட்டால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்த தவறு உங்களுக்கு விளங்கும். மாட்டைப் புகழ்வது வாயால். விலை பேசுவது கையால். வாங்குகிறவனும் தரகனும் வலது கையை ஒரே துண்டுக்குள் விட்டுக்கொள்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் போன கையைப் பேச்சு முடியாமல் உருவக் கூடாது. உருவினவனோடு மறு சந்தையில் யாரும் கை கோக்கமாட்டார்கள்.

இன்னொன்று. முதலில் சொல்லும் விலை யாருடைய விலையும் அல்ல. "இப்பவே பிடிச்சாத்தான் உண்டு, சாயங்காலம் வந்தாக் கெடைக்காது" என்று எவன் அவசரப்படுத்துகிறானோ, அவன் இறங்கி வரப்போகிறான் என்று அர்த்தம். வெற்றிலை போட்டுக்கொண்டு அந்தண்டை போய் நிற்கவேண்டும். இது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த வருஷம் பங்குனியில், நார்த்தாமலைப் பூச்சொரிதல் திருவிழாவின் மாட்டுச் சந்தையில் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினேன். நாலாம் நாள் குரல் கம்மிவிட்டது. கத்தினால் கம்மத்தான் செய்யும் என்று இருந்தேன். என் மனைவி அழகம்மா சித்தரத்தையை இடித்துப் பாலில் போட்டுக் கொடுத்தாள். மிளகும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, கம்மல் போகவில்லை. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சுருட்டுப் புகையும் வழக்கம்போல உள்ளே இறங்கியது.

சந்தையில் மோர் விற்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. ஆனி மாதம் அவள்தான் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள். "தரகரே, முந்தியெல்லாம் ஒங்க குரல் ஒங்களுக்கு முன்னால வரும், அப்பறந்தான் நீங்க வருவீங்க. இப்ப நீங்க வந்து நின்னு ரொம்ப நேரங் கழிச்சு அது வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. அன்றைக்குத்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

புதுக்கோட்டைக்குப் போக என்னோடு காதர் மைதீன் வந்தார். அவரும் தரகர்தான். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ஒரே சந்தையில் எதிரும் புதிருமாக நின்று சண்டை போட்டுவிட்டு ஒரே வண்டியில் வீடு திரும்புகிறவர்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்த நாட்கள். ஒரு மேடு வந்தால் பாதிப் பேர் இறங்கித் தள்ளவேண்டும். நான் இறங்கித் தள்ளினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அவ்வளவு உடம்பு இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பட்டணத்தில் தொண்டை வைத்தியம் தனியாகப் படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். வெளியே பெஞ்சில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். காது சீழ்ப்பிடித்த பிள்ளைகள், மூக்கில் புளியங்கொட்டை போட்டுக்கொண்ட ஒரு பெண் குழந்தை. காதர் மாமா ஒவ்வொருவரிடமும் நோயை விசாரித்து எனக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் நோயை ஒருவரும் விசாரிக்கவில்லை. பார்ப்பதற்கு நான்தான் அந்தப் பெஞ்சில் ஆரோக்கியமான ஆள்.

உள்ளே டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டார். நடுவில் ஓட்டை. பக்கத்து விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு என் வாய்க்குள் விழுந்தது. என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். கால் ரூபாய் அகலத்தில் நீளக் காம்பு வைத்த இன்னொரு கண்ணாடி. அதை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, சூட்டைத் தன் புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு, என் உள்நாக்குக்கு அடியில் வைத்தார். சூடு காட்டாவிட்டால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடுமாம்.

"ஈன்னு சொல்லுங்க."

நாக்கை அவர் பிடித்திருக்க, நான் சொன்னது ஈயும் இல்லை, ஆவும் இல்லை. மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை அவர் முகத்தைப் பார்த்தேன். மாட்டின் பல்லைப் பிடித்து வயசு பார்க்கும்போது, வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட ஆளின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம்தான்.

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தொண்டைக்குள் குரல்வளை என்று ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு நாண்கள், கதவின் இரண்டு பலகை மாதிரி. மூச்சு விடும்போது விலகும், பேசும்போது சேரும். என்னுடைய இடது நாணின் மேல் உளுந்து அளவுக்கு ஒரு முளை. "அதுல துளி கிள்ளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பணுங்க. பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்தாத்தான் என்னன்னு நிச்சயமாத் தெரியும்."

மறு வாரம் கிள்ளினார். தொண்டைக்குள் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, பளபளவென்ற ஒரு குழாயை உள்ளே இறக்கினார்கள். வலியைவிட மூச்சு முட்டுமோ என்ற பயம்தான். காதர் மாமா என் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தபின் பார்த்தால் அவர் நகம் பதிந்து இரண்டு காலிலும் பிறை பிறையாய்த் தழும்பு.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"புற்றுதாங்க," என்றார். "ஆனா ஆரம்பம். நாண் இன்னும் நல்லா அசையுது. அது அசையிற வரைக்கும் நமக்கு வழி இருக்கு. சென்னையில தொண்டையத் திறந்து அந்த ஒரு நாணை மட்டும் எடுத்துருவாங்க. குரல் கம்மலாத்தான் இருக்கும். ஆனா இருக்கும். இப்பவே போகணும். தள்ளிப்போட்டா இந்த வழி அடைஞ்சுரும்."

இப்பவே. தள்ளிப்போட்டால் கிடைக்காது. இந்த வார்த்தைகளை நான் எத்தனை ஆயிரம் தடவை சந்தையில் விட்டிருக்கிறேன்! வெளியே வந்து வேப்பமரத்தடியில் காதர் மாமாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"மொத வெலை," என்றார் அவர்.

"அப்படித்தான் படுது."

"ஒரு நாணுங்கிறாரு. தொண்டையத் தொறக்கணுங்கிறாரு. மூணு சந்தை போகட்டும் மாப்ள. தானா எறங்கி, மருந்துலயே பாத்துக்கலாம்பாரு."

படித்தவர்கள் இதைப் படித்தால் இப்படியும் ஆட்கள் உண்டா என்பீர்கள். பயம் வந்தவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அவன் தொழிலின் வழி. தொண்டையைப் பிளப்பார்கள் என்று கேட்டதும் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தைத் தரகு புத்தி என்று பேர் சொல்லி மூடிக்கொண்டேன்.

வீட்டில் சதை வளர்ச்சி என்று மட்டும் சொன்னேன். அழகம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆவணியில் டாக்டரின் கார்டு வந்தபோது தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டார். தாங்கள் இன்னும் வரவில்லை, தாமதிக்க வேண்டாம் என்று இருந்தது. இருபது நாளில் இன்னொரு கார்டு. சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதி இடம் கேட்டு வைத்திருக்கிறேன், ஒரு வாரத்துக்குள் அவசியம் வரவும்.

காதர் மாமா அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா? மொதக் கடுதாசியில வெறும் வான்னாரு. இதுல எடமும் பிடிச்சுக் குடுக்குறாரு. எறங்குறாரு மாப்ள, எறங்குறாரு."

அழகம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஏண்ணே, அவரு ஒடம்பையும் மாடுன்னு நெனைச்சுட்டீங்களா ரெண்டு பேரும்?"

"நீ சும்மா இரு ஆத்தா. இது ஒனக்குப் புரியாது," என்றார் மாமா.

அவள் சும்மா இருந்தாள். நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அந்த நாலு நாளை இப்போது நினைத்தால், என் குரல் இருந்த காலத்தில் வீணாகப் போன நாலு நாள் என்று தோன்றுகிறது.

மூன்றாவது கார்டு வரவில்லை. புரட்டாசி முழுக்க எதிர்பார்த்தோம். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். இதற்குள் படுத்தால் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இரண்டு தலையணை வைத்தேன், அப்புறம் சுவரில் சாய்ந்தே தூங்கினேன். ஐப்பசி முதல் சந்தையில் ஒரு ஜோடி மாட்டின் மேலுள்ள ராசிச் சுழியைச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். காதர் மாமா எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, தன் வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அவர் கன்னம் வெளுத்திருந்தது.

"மாப்ள. விக்கிறவன் கூப்புட்டுக்கிட்டே இருந்தாத்தான் மாடு இருக்குன்னு அர்த்தம். பேசாம போயிட்டான்னா மாடு கைமாறிருச்சு. வா, கெளம்பு."

டாக்டர் மறுபடியும் நாக்கை இழுத்துக் கண்ணாடியை வைத்தார். வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏன் வரலீங்க?"

காதர் மாமாதான் சொன்னார். "நீங்க எறங்கி வருவீங்கன்னு பாத்தோம் டாக்டரய்யா."

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. மாமா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். அவர் திட்டுவார் என்று இருவரும் தலையைக் குனிந்து நின்றோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்தார்.

"எங்கிட்ட விக்கிறதுக்கு என்னங்க இருக்கு?" என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

இடது நாண் இப்போது அசையவில்லை. கதவின் ஒரு பலகை இறுகிவிட்டது. உள்ளே வேர் விட்டுவிட்டது என்று அர்த்தம். இனி ஒரு நாணை எடுத்துப் பயனில்லை. பெட்டியையே முழுதாக எடுக்கவேண்டும். மூச்சுக்குழலைக் கழுத்தில் ஓட்டை போட்டு வெளியே தைத்துவிடுவார்கள். அப்புறம் சாகும்வரை மூச்சு கழுத்து வழியாகத்தான்.

"பேச்சு?" என்றேன்.

"இருக்காதுங்க."

வெளியே அழகம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தத் தடவை அவளும் வந்திருந்தாள். வேப்பமரத்தடியில் நான் போய் உட்கார்ந்து, இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன், குரலில்லாமல் சந்தையில் நான் யார் என்று அவளிடம் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. அவள் கடைசிவரை கேட்டாள்.

"முப்பது வருசமா நீங்க பேசுனது எனக்குப் போதுங்க. காதுல இன்னும் பத்து வருசத்துக்கு மிச்சம் இருக்கு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டது. "மூச்சு மட்டும் இருக்கட்டும்."

திருச்சியில் ஏறிய பகல் வண்டியில் சென்னை போகும்வரை நான் படுக்கவில்லை. படுத்தால் அடைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சையும் உள்ளே இழுக்கும்போது கழுத்துக்குழி பள்ளமாக விழும். எதிரே காதர் மாமா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு, அது விழும்போதெல்லாம் தானும் மூச்சை இழுத்தார். விழுப்புரத்தில் காப்பி வாங்கிக் கையில் வைத்திருந்தவர், அதைக் குடிக்காமலே செங்கல்பட்டு வரை கொண்டுவந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் டாக்டர் வயதானவர், பேச்சுக் குறைவு. இவ்வளவு முற்றியதற்குக் ரேடியக் கதிர் வைத்தியம் மட்டும் போதாது, கத்திதான் என்றார். நர்ஸம்மா ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்து வைத்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் வேண்டியதை எழுதிக் காட்டவேண்டுமாம்.

"எழுதிக் காட்டலாங்க," என்றாள் அழகம்மா. "படிக்கிறது யாரு?"

அப்போதுதான் காதர் மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். சந்தையில் ஒரு பெண்பிள்ளையின் கை துண்டுக்குள் போனதாக நான் கேட்டதே இல்லை. அவர் துண்டை என் கை மேலும் அவள் கை மேலும் போட்டுவிட்டு, வார்டில் எல்லோரும் பார்க்க, கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு விரல் தண்ணீர். இரண்டு விரல் துடைத்துவிடு. மூன்று விரல் வலி. நாலு விரல், காதரைக் கூப்பிடு.

"அஞ்சு?" என்றாள்.

நான் அவள் கையை முழுதாகச் சேர்த்துப் பிடித்தேன். காதர் மாமா சொன்னார், "சந்தையில அஞ்சுன்னா அஞ்சு. இங்க மூச்சு. இப்படிப் பிடிச்சா நீ ஓடணும் ஆத்தா."

கடைசியாக வாயால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். அழகம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தை, மாமாவிடம் ஒரு வார்த்தை. காலையில் தள்ளுவண்டியோடு ஆட்கள் திடீரென்று வந்துவிட்டார்கள். அவளும் மாமாவும் பால் வாங்கப் போயிருந்தார்கள். கதவைத் தாண்டும்போது என் கால் நிலையில் இடித்தது. "அய்யா, பாத்துத் தள்ளுங்க, கால் இடிக்குது" என்றேன். என் குரல் இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்னது அதுதான். வண்டி தள்ளியவருக்கு அது தெரியாது.

கழுத்தில் ஊசி போட்டு மரக்கச் செய்து, முதலில் மூச்சுக்கு ஓட்டை போட்டார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். சட்டென்று குளிர்ந்த காற்று நெஞ்சுக்குள் குபுகுபுவென்று இறங்கியது. இரண்டு மாதமாக வைக்கோல் துரும்பு வழியாக மூச்சு விட்டவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அழுதேன். அதற்கப்புறம் அந்த ஓட்டை வழியாகவே மயக்க மருந்து கொடுத்தார்கள்.

விழித்தபோது கழுத்து முழுக்கக் கட்டு. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய் வயிற்றுக்குப் போயிற்று. அதன் வழியேதான் பாலும் கஞ்சித் தண்ணீரும். அழகம்மா குனிந்து நின்றாள். அழகம்மா என்று கூப்பிட்டேன். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது. கழுத்திலிருந்து காற்று மட்டும் புஸ் என்று போயிற்று. பழக்கதோஷத்தில் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். புஸ் என்றது கொஞ்சம் பெரிதாகப் போயிற்று, அவ்வளவுதான். அவள் என் கையைத் துண்டுக்குள் எடுத்துக்கொண்டாள்.

கழுத்து ஓட்டையில் வெள்ளிக் குழல் இருந்தது. குழலுக்குள் குழலாக இரண்டு. சளி காய்ந்து உள்குழலை அடைத்தால் அதை மட்டும் உருவிக் கழுவிப் போடவேண்டும். எப்படி உருவுவது என்று நர்ஸம்மா அழகம்மாவுக்குக் காட்டித்தந்திருந்தார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று.

அவசரம் ஐந்தாம் நாள் நடுப்பகலில் வந்தது. நர்ஸம்மா வார்டின் அந்தக் கோடியில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். காதர் மாமா தொழுகைக்குப் போயிருந்தார். ஓர் இருமல் வந்தது. இருமலுக்கு அப்புறம் மூச்சு வரவில்லை. மூக்கும் வாயும் திறந்துதான் இருந்தன. அவற்றுக்கும் நெஞ்சுக்கும் இனிச் சம்பந்தமில்லை. கத்த முடியாது. சிலேட் தலைமாட்டில். வார்டில் நாற்பது பேர் இருக்க, பட்டப்பகலில், ஒரு சத்தமும் இல்லாமல் நான் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் கை துண்டுக்குள்தான் இருந்தது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

அவள் ஓடவில்லை. ஓடினால் வார்டைக் கடக்கவே நேரமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இடது கையால் என் நெற்றியை அழுத்தினாள், வலது கையால் உள்குழலின் மூக்கைத் திருகி உருவினாள். உள்ளேயிருந்து ஒரு கட்டி தெறித்து அவள் புடவையில் விழுந்தது. காற்று இறங்கியது.

நர்ஸம்மா ஓடி வந்தார். "யாரு எடுத்தது?"

"நாந்தாங்க."

"சரியா எடுத்திருக்கீங்கம்மா."

அழகம்மா குழலைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். காதர் மாமா வந்து விஷயம் கேட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "மொத வெலைன்னு சொன்ன என் நாக்கை அறுக்கணும்" என்றார். நான் சிலேட்டை எடுத்து, இங்கேயே அறுப்பார்கள், சொல்லட்டுமா என்று எழுதிக் காட்டினேன். நர்ஸம்மா அதை உரக்கப் படித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் மூவரும் முதல்தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பக்கத்துக் கட்டிலில் காஞ்சிபுரத்து நெசவுக்காரர் ஒருவர். எனக்கு ஒரு மாதம் முன்னால் அதே ஆபரேஷன் ஆனவர். அவருக்குத் தொண்டைக்குள் தைத்த இடம் ஆறாமல், குடித்தது எல்லாம் கழுத்து வழியாகக் கசிந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "நான் குடித்தால் என் சட்டையும் குடிக்கிறது." சிரிக்கத்தான் எழுதினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பதினான்காம் நாள் எனக்கு அந்தப் பரீட்சை. கட்டைப் பிரித்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு வைத்தார்கள். டாக்டர் நீல மருந்து கலந்த தண்ணீரை ஒரு கரண்டி கொடுத்தார். உள்ளே ஓட்டை இருந்தால் பஞ்சில் நீலம் தெரியும். விழுங்கினேன். இரண்டு வாரமாக ஈரம் படாத தொண்டையில் அது இறங்குவது எனக்கே கேட்டது. என் கழுத்தை என்னால் பார்க்க முடியாது. அழகம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அவள் பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. நெசவுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். முதலில் கை தட்டியது அவர்தான்.

எடுத்த பெட்டியைச் சோதித்து, ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, புற்று அதைத் தாண்டவில்லை என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும். திரும்பி வருமா என்று எழுதிக் கேட்டேன். "வராதுன்னு சொல்லமாட்டேன். வந்து காட்டிக்கிட்டே இருங்க" என்றார் பெரிய டாக்டர். முதலும் கடைசியுமான ஒரே விலை. ஒப்புக்கொண்டேன்.

காயம் முழுதாக ஆறும்வரை அங்கேயே வைத்திருந்ததால், தை கடைசியில்தான் ஊர் வந்தேன். கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொள்கிறேன், தூசி போகாமல். குளத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது. சூடான காப்பியை ஊத முடியாது, அழகம்மா ஆற்றித் தருவாள். மூக்கில் காற்றுப் போகாததால் மழை வாசனை தெரிவதில்லை, மாட்டு வாசனையும் தெரிவதில்லை. ஆனால் மாட்டின் மேல் கை வைத்தால் அது நான் யாரென்று கண்டுகொள்கிறது.

மாசியில் சந்தைக்குப் போனேன். வாய் காதர் மாமாவுடையது, கை என்னுடையது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு தரகர் என்று மோர்க்கார அம்மாள் சொன்னாள். தொழில் நடந்தது.

மூன்றாவது சந்தையில் நார்த்தாமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், மருதமுத்து என்று பெயர், உழவு ஜோடி வாங்க வந்தார். துண்டுக்குள் கை போட்டோம். இழுத்துப் பிடித்து விலை ஒருவழியாக முடிந்தது. "சரி, அவுத்து விடுங்க" என்று காதர் மாமாவிடம் சொன்னார். அந்தக் குரல் கம்மியிருந்தது.

நான் அவர் கையை விடவில்லை.

"என்ன தரகரே? முடிஞ்சிருச்சுல்ல?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "எத்தன நாளாத் தம்பி ஒனக்கு இந்தக் கம்மல்?"

"அது கெடக்கு, சளி. தீவாளிக்கு முன்னாடி பிடிச்சது. கையை விடச் சொல்லுங்க."

"அவரு விடல. விடாம நீ உருவலாமா?"

"வெலைதான் முடிஞ்சுபோச்சே!"

"ஒனக்கு முடிஞ்சுச்சு. அவருக்கு முடியல."

மருதமுத்து இழுத்துப் பார்த்தார். சந்தை முழுக்கப் பார்க்கிறது, உருவவும் முடியாது. மாமாவை மாட்டோடு நிறுத்திவிட்டு, துண்டோடு அவரைச் சாலைக்குக் கூட்டிவந்தேன். புதுக்கோட்டைக் கரிப் பஸ் நின்றது. "என்னய்யா, மாட்டுக்குப் பதிலா ஆளைப் பிடிச்சுக்கிட்டு வாரீங்க?" என்றார் கண்டக்டர். மேடு வந்தபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு கையால் தள்ளினோம். மருதமுத்து வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் கழுத்துத் துணி காற்றில் விலகியது. அவர் பார்த்தார். அதற்கப்புறம் திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கை ஏற்றி, கண்ணாடியைச் சூடு காட்டி, புறங்கையில் தொட்டுப் பார்த்தார். மருதமுத்துவின் நாக்கைத் துணியால் பிடித்தார்.

"ஈன்னு சொல்லுங்க."

நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்குள் மருதமுத்துவின் கை வேர்த்து வழுக்கியது. இன்னொரு தடவை ஈ சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை.

கண்ணாடியை வெளியே எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாணுல சின்னதா ஒரு முளை இருக்கு. கிள்ளிப் பாக்கணும்," என்றார். "ஆனா ரெண்டும் அசையுது தரகரே."

அப்புறம்தான் கையை விட்டேன்.